ஏரி வற்றுவதற்கு முன்: சென்னையின் நீர்மட்டக் கணக்கில் விடுபட்டவை

1. கேள்வி

2019 ஜூன் மாத நடுவில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளிலும் சேர்த்து, மொத்தக் கொள்ளளவில் ஒரு விழுக்காடு தண்ணீர்கூட இல்லை. வழக்கமாக நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் வழங்கிவந்த சென்னைக் குடிநீர் வாரியம் அதை 52.5 கோடி லிட்டராகக் குறைத்திருந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த ரயிலுக்குக் கிடைத்த கவனத்தில் ஓர் எளிய வகுத்தல் கணக்கு விடுபட்டுப் போயிற்று. 25 லட்சம் லிட்டர் என்பது, வெட்டிக் குறைக்கப்பட்ட அந்த நாளைய விநியோகத்திலும் இருநூறில் ஒரு பங்கு. திட்டமிட்டபடி தினமும் ஒரு கோடி லிட்டர் வந்திருந்தாலும் இரண்டு விழுக்காட்டைத் தொடாது. ஏரிகள் வறண்டன; ரயில் கொண்டுவந்தது சொற்பம்; ஆனாலும் புறநகரையும் சேர்த்து ஒரு கோடியைத் தொடும் மக்கள் அந்தக் கோடையைக் கடந்தார்கள். எந்தத் தண்ணீரில் கடந்தார்கள்?

வாரியம் வழங்கிய 52.5 கோடி லிட்டரில் பெரும்பகுதி மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்தும் வந்தது. எஞ்சியது திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளின் கிணறுகளிலும் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரம் கல்குவாரிகளிலும் இறைத்தது. வாரியத்தின் ஏட்டில் ஏறாத இன்னொரு பெரும் பங்கு வீட்டு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும் தனியார் லாரிகளிலிருந்தும் வந்தது. ஆனால் நாளிதழ்கள் தினமும் வெளியிடுவதும், அரசு முடிவெடுக்க ஆதாரமாகக் கொள்வதும், மக்கள் அச்சத்தோடு பார்ப்பதும் ஏரிகளின் நீர்மட்டம் ஒன்றைத்தான். இந்த ஓர் எண்ணை நம்பி நகரத்தின் நீரை நிர்வகிப்பதால் நடவடிக்கை தாமதமாகத் தொடங்குகிறது, அதன் சுமையும் எளியவர்கள் தலையில் இறங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. வழக்கிலுள்ள மூன்று விளக்கங்கள்

சென்னையின் தட்டுப்பாட்டுக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, மழை பொய்த்தது. 2018 வடகிழக்குப் பருவத்தில் சென்னையில் வழக்கமான மழையில் பாதிகூடப் பெய்யவில்லை என்பது உண்மை. ஆனால் 2016-லும் அந்தப் பருவம் பொய்த்தது. 2003-04 வறட்சியில் குழாய் விநியோகம் ஓராண்டுக்காலம் ஏறக்குறைய நின்றே போனது. இவற்றுக்கிடையே 2015 டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் மூன்றே மாதங்களில், அதுவும் சில புயல்களையும் தாழ்வு மண்டலங்களையும் நம்பிப் பெய்யும் ஊரில், பருவம் தவறுவது இயல்பின் ஒரு பகுதி. இயல்பாக நிகழும் ஒன்றைப் பேரிடரின் காரணமாகக் காட்டினால் அங்கேயே ஆராய்ச்சி நின்றுவிடும்.

இரண்டாவது, நீர்நிலைகளை இழந்தோம். மாம்பலத்து நெடிய ஏரி தியாகராய நகரானது. நுங்கம்பாக்கம் ஏரியின் மீது வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பழைய பரப்பின் ஒரு சிறு துண்டாகச் சுருங்கி, 2022-ல்தான் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இந்த விளக்கத்தில் நியாயம் மிகுதி. நிலத்தடிக்கு நீர் இறங்கிய வழிகளை அடைத்துவிட்டோம் என்பதில் ஐயமில்லை. எனினும் இழந்த ஏரிகளைப் பற்றிய துக்கம், இருக்கிற நான்கு ஏரிகளை அடிமண் தெரியும்வரை எப்படி இறைத்தோம் என்ற கேள்விக்கு விடையாகாது.

மூன்றாவது விளக்கம் பொறியாளர்களுடையது: நீராதாரம் போதவில்லை, புதிதாகக் கொண்டுவர வேண்டும். சென்னையின் இருநூற்றைம்பது ஆண்டு நீர் வரலாறே இந்த விளக்கத்தின்படிதான் நடந்திருக்கிறது. 1772-ல் ஏழுகிணறு. 1872-ல் செங்குன்றத்திலிருந்து கால்வாய். 1944-ல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம். 1996-ல் கிருஷ்ணா நீர், 2004-ல் வீராணம் குழாய், 2010 முதல் கடல்நீர். ஒவ்வொரு முறையும் தண்ணீர் இன்னும் தொலைவிலிருந்து, இன்னும் அதிகச் செலவில் வந்தது. ஒவ்வொரு முறையும் இனிப் பஞ்சமில்லை என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. கிருஷ்ணா நீரின் கதை மட்டும் போதும். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் ஆளுக்கு 5 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) விட்டுத்தர 1976-ல் இசைந்தன. வழியில் ஆவியாவது போக ஆண்டுக்கு 12 டி.எம்.சி. ஊத்துக்கோட்டை எல்லையில் நமக்குக் கிடைக்க வேண்டும். எந்த ஆண்டிலும் அந்த 12 முழுமையாக வந்ததில்லை. கிருஷ்ணாப் படுகையில் வறட்சி வரும்போது அங்குள்ளவர்கள் தங்கள் வயலுக்கும் ஊருக்கும் போகத்தான் கொடுப்பார்கள். நமக்கு மிகவும் தேவைப்படும் ஆண்டுகளும் பெரும்பாலும் அவையாகவே இருக்கின்றன.

3. கொள்ளளவின் கணக்கு

பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. நான்கும் கரை தொட நிரம்பினால் 11,257. இதை லிட்டரில் சொன்னால் ஏறக்குறைய 31,900 கோடி. நாளுக்கு 83 கோடி லிட்டர் என்று வகுத்தால் 384 நாள் வருகிறது. தாளில் வரும் இந்த 384 நாள் ஏரியில் கிடைப்பதில்லை. நம் சமவெளியில் திறந்து கிடக்கும் நீர்ப்பரப்பு ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆவியாகிறது. முழு உயரமே 24 அடியாக உள்ள செம்பரம்பாக்கம் போன்ற அகன்ற, ஆழமில்லாத ஏரிக்கு இது பெரிய இழப்பு. கசிவும், மதகு மட்டத்துக்குக் கீழே தங்கிவிடும் நீரும் தனி. நான்கு ஏரிகளும் நிரம்பியிருந்தாலும், அவற்றை மட்டும் நம்பினால் ஒரு பருவம் தவறியதுமே நகரம் தள்ளாடும். ஆண்டுக்கு ஒருமுறை நிரப்பி ஆண்டு முழுதும் உண்ணும் குதிர் போன்றது இந்த அமைப்பு; அடுத்த போகம் தவறினால் கைக்கு நெல் இருக்காது என்று தெரிந்தே அளந்து எடுக்க வேண்டியது.

அப்படியானால் கொள்ளளவைக் கூட்டலாமே என்ற எண்ணம் இயல்பாகவே எழும். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அந்த வேகத்தில் பத்து மணி நேரத்துக்குள் ஒரு டி.எம்.சி. ஓடிவிடும். நகரத்தின் ஒரு மாதத் தேவையை விடச் சற்றே அதிகம் அது. ஒன்றரை ஆண்டு கழித்து, 2017 கோடையில், அதே நகரம் குவாரிகளில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுத்திகரித்துக் குடித்தது. இந்த முரணைக் கண்டு மனம் கொதிப்பது நியாயமே. ஆனால் சில நாட்களில் பாய்ந்துவரும் வெள்ளத்தைப் பிடித்துவைக்கும் அளவு நிலம் நகரத்தைச் சுற்றி இனி இல்லை. 2020-ல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. பழைய நான்கோடு ஒப்பிட்டால் நான்கரை விழுக்காட்டுக்கும் குறைவான கூடுதல். அதற்கும் விளைநிலம் எடுக்க வேண்டியிருந்தது. தூர் வாருவது அவசியம். ஆனால் அதனால் கூடுவது வாரங்கள், ஆண்டுகள் அல்ல. ஒரு வெள்ளத்தை உள்வாங்கக்கூடிய பெரிய இடம் நிலத்துக்கடியில்தான் இருக்கிறது. அந்த இடத்துக்குத்தான் நம்மிடம் தினசரிக் கணக்கு இல்லை.

4. ஜனவரியில் தெரிவது

சென்னை ஏரிகளின் நீர்வரத்து பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர்வரை. ஜூன் முதல் பெய்யும் தென்மேற்குப் பருவ மழை மாலை நேர இடிமழையாக வந்து நகரத்தின் வெப்பத்தைத் தணிக்கும். ஏரிக்குள் குறிப்பிடும்படி எதையும் சேர்க்காது. அதனால் ஜனவரி முதல் தேதி ஏரிகளில் என்ன இருக்கிறதோ அதுதான் அடுத்த ஒன்பது, பத்து மாதங்களுக்கான கையிருப்பு. இது உலகின் பல நகரங்களுக்கு வாய்க்காத வசதி. நீர்வரத்து ஆண்டு முழுவதும் பரவியிருக்கும் ஊரில், அடுத்த மாதம் மழை வரலாம் என்று காத்திருப்பதற்கு ஓரளவு காரணம் உண்டு. இங்கே ஜூன் நெருக்கடி ஜனவரியிலேயே எழுதி வைக்கப்பட்டுவிடுகிறது.

2019 நெருக்கடியில் வாரியம் கைகட்டி நிற்கவில்லை. விநியோகத்தைப் படிப்படியாகக் குறைத்தது. குறைத்த விதத்தில்தான் சிக்கல். எந்தத் தேதியில் எவ்வளவு இருப்பு இருந்தால் யாருக்கு முதலில் எவ்வளவு குறைக்கப்படும் என்று மக்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ளத்தக்க விதி இல்லை. குழாயில் வருவது குறைகிறது, அவ்வளவே. குழாயில் குறைந்தால் நுகர்வும் குறையும் என்பது தோற்றம். 2003-04 வறட்சியை ஆராய்ந்து வீணா ஸ்ரீநிவாசன், ஸ்டீவன் கோரேலிக், லாரன்ஸ் கூல்டர் ஆகியோர் 2010-ல் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. குழாய் நின்றபோது மக்கள் சொந்தக் கிணறுகளுக்கு மாறினார்கள். நிலத்தடி நீர் இறங்கி, பல இடங்களில் கிணறுகள் வறண்டபின் லாரிக்கு மாறினார்கள். ஏரியில் மிச்சப்படுத்தியது பூமிக்கடியில் செலவானது. வசதியுள்ளவர்கள் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் நூறடி இறக்கினார்கள். அடிபம்பை நம்பியவர்கள் அதே நிலத்தடி நீரின் மேல்தட்டை இழந்தார்கள்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் இங்கே ஒப்பிடத்தக்கது. அந்நகரம் 2018 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என வரம்பு விதித்தது. அணைகளின் இருப்பு 13.5 விழுக்காட்டைத் தொட்டால் வீட்டுக் குழாய்கள் மூடப்படும், மக்கள் பொது மையங்களுக்கு வந்து வரிசையில் நின்று வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்தது. அந்த நாள் வரவே இல்லை. மழையும் பிறகு உதவியது. ஆனால் மழைக்கு முன்பே நகரத்தின் நுகர்வு சில ஆண்டுகளுக்கு முன்பிருந்ததில் ஏறத்தாழ பாதியாக இறங்கியிருந்தது. அங்கேயும் குறைகள் இருந்தன: ஏழைகளின் வீடுகளில் நீரை வெட்டும் கருவிகள் பொருத்தப்பட்டதும், வசதியானவர்கள் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டதும் கண்டிக்கப்பட்டன. அந்தக் கண்டனங்களையும் சேர்த்தே பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அணையின் இருப்பை அந்நகரம் ஒரு கால அட்டவணையாக மாற்றியது. நாம் அதே எண்ணை வானிலைச் செய்தி போலப் படித்துக்கொண்டிருந்தோம்.

5. ஏட்டில் ஏறாத நீர்

நிலத்தடி நீரை எண்ணவே முடியாது என்பதற்கில்லை. ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையின் நீர்த்தாங்கிகளை 1960-களிலேயே ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆராய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் போன்ற இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைக்கப்பட்டன. அளவுக்கு மீறி இறைத்ததால் மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. அதன் பின்னர் 1987-ல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கிணறு தோண்டவும் தண்ணீரை வண்டியில் ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும் என்றது. 2003-ல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அடுத்து நல்ல மழை பெய்த ஆண்டுகளில் நகரின் பல பகுதிகளில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது. மண்ணுக்குள் நீரை இறக்கினால் அது தங்கும் என்பதற்கு மணற்பாங்கான கடலோரப் பகுதிகளே சான்று. இந்த ஒரு நடவடிக்கை பல கோடி ரூபாய்த் திட்டங்களை விட நகரத்துக்கு அதிகம் செய்திருக்கிறது என்றே கருதுகிறேன். ஆனால் சேர்ப்பதைக் கட்டாயமாக்கிய அரசு, எடுப்பதை அளக்கவில்லை. பத்து வீடுகள் கூரையிலிருந்து இறக்கும் மழைநீரை, அதே தெருவில் ஆழமாகத் துளையிட்ட ஒரே அடுக்ககம் உறிஞ்சிக்கொள்ளச் சட்டத்தில் தடையிருந்தும் நடைமுறையில் இல்லை.

நகரத்துக்கு வெளியே இது இன்னும் கூர்மையாகிறது. வறட்சிக் காலங்களில் வாரியமே விவசாயிகளிடம் கிணற்று நீரை விலைக்கு வாங்கியது. தனியார் லாரிகள் எப்போதும் வாங்குகின்றன. மோட்டார் உள்ள நில உடைமையாளருக்கு நெல்லை விடத் தண்ணீர் லாபம். பக்கத்து வயலில் ஆழம் குறைந்த கிணறு வைத்திருப்பவருக்கும், அந்த வயல்களில் நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்களுக்கும் அதில் பங்கில்லை. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். ஜனகராஜன் நகர விளிம்பு ஊர்களின் நீர் மோதல்களைத் தொடர்ந்து ஆராய்ந்து, நகரத்தின் தாகம் கிராமத்துக்குள் உண்டாக்கும் பிளவுகளைக் கவனத்துக்குக் கொண்டுவந்தார். புழல் ஏரியின் மட்டம் ஓர் அடி இறங்கினால் மறுநாள் செய்தி. ஒரு கிராமத்தின் கிணறுகள் முப்பது அடி இறங்கினால் அந்தச் செய்திக்கு நகரத்தில் முகவரியே கிடையாது.

6. குழாயின் முனையில்

2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. வரி ஆவணங்கள் விரிந்த வேகத்தில் குழாய்கள் விரியவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் பல மாடிக் குடியிருப்புகளும் ஆண்டு முழுவதும் லாரியை நம்பியே எழுந்தவை. 2019-ல் அங்குள்ள நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது பெரிய செய்தியானது. அதே காலத்தில் வடசென்னையின் குறுந்தெருக்களில் நடந்தது செய்தியாகும் தன்மை கொண்டதல்ல, அது அன்றாடம். தெருமுனையில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. அதன் அடியில் முந்தைய நாளே இடம்பிடித்து வைத்த குடங்கள். யாருடையது எது என்று தெரிய கழுத்தில் கட்டிய துணிக் கிழிசல், மூடியில் எழுதிய எண். லாரி எப்போது வரும் என்று உறுதியில்லாததால் கூலி வேலைக்குப் போக வேண்டிய பெண் அன்று போவதில்லை. லாரி வந்தால் தடித்த குழாயைத் தொட்டிக்குள் விட்டு நிரப்பும் சில நிமிடங்களில் வீட்டுக்கு இத்தனை குடம் என்று தெருவே கணக்கு வைக்கிறது. அளந்து, பங்கிட்டு, எழுதி வைக்கும் இந்த ஒழுங்கு தெருவில் இருக்கிறது. நகரத்தின் மொத்த நீருக்கு அது இல்லை.

வீட்டு இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. மாதக் கட்டணம் ஒரே தொகை. சம்ப் கட்டி மோட்டார் வைத்து இழுப்பவருக்கும், தெருக்கோடியில் சொட்டுச் சொட்டாகப் பெறுபவருக்கும் விநியோகக் குறைப்பு என்பது ஒன்றல்ல. முன்னவருக்கு அது லாரிச் செலவு. பின்னவருக்கு அன்றைய சமையலும் குளியலும்.

7. மறுப்புகள்

கடல்நீர் இருக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்பது வலுவான மறுப்பு. மீஞ்சூர் 10 கோடி லிட்டர், நெம்மேலி 10 கோடி, 2024-ல் திறந்த இரண்டாம் நெம்மேலி ஆலை 15 கோடி, பேரூரில் கட்டப்படுவது 40 கோடி. கூட்டினால் நாளுக்கு 75 கோடி லிட்டர். மழை பொய்த்தாலும் நிற்காத நீர் என்ற வகையில் இதன் பயனை மறுக்க முடியாது. 2019-ல் மீஞ்சூர், முதல் நெம்மேலி ஆலைகள் இல்லாதிருந்தால் நிலைமை எண்ணிப் பார்க்கவே கடினம். ஆனால் ஒவ்வொரு லிட்டரும் மின்சாரத்தால் பிழிந்து எடுக்கப்படுவது. ஆலை வெளியேற்றும் உவர்நீரும் கரையரிப்பும் பற்றிய மீனவர்களின் புகார்கள் தீர்ந்தபாடில்லை. அதைவிட முக்கியமாக, தேவையும் பரப்பும் வளர்ந்துகொண்டிருக்கும் நகரத்தில் எத்தனை ஆலை வந்தாலும் அந்த நீர் குழாய் உள்ள இடத்துக்குத்தான் போகும். கடல்நீர் அடித்தளமாக இருக்கட்டும். அதை முன்னிட்டு நிலத்தடி நீரை எண்ணாமல் விடுவதற்கு இடமில்லை.

ஜனவரியிலேயே கட்டுப்பாடு விதித்து, பிறகு கோடையில் எதிர்பாராமல் மழை வந்தால் மக்களை வீணாக வருத்தியதாகாதா? ஆகலாம். ஆனால் இரு தவறுகளின் விலை வேறு. தேவையின்றிக் குறைத்த நீர் ஏரியிலேயே இருக்கும். ஆவியாவது போக மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் பயன்படும். குறைக்கத் தவறிய நீரைத் திரும்பப் பெற வழியில்லை. முன்கூட்டியே குறைப்பதை எல்லார் மீதும் சமமாகச் சுமத்தவும் வேண்டியதில்லை. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை எதிர்ச்சவ்வூடுபரவல் முறையில் சுத்திகரிக்கும் ஆலைகள் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் தொழிற்சாலைகளுக்குத் தரும் திறன் கொண்டவை. முதல் வெட்டு தொழிற்சாலைகளுக்கும் பெரும் வணிக வளாகங்களுக்கும் விழ வேண்டும் என்று சொல்லும் துணிவை இத்தகைய மாற்று ஏற்பாடு தருகிறது.

மீட்டர் என்றதும் ஏழைகளின் தண்ணீருக்கு விலை வைப்பதா என்ற எதிர்ப்பு வரும். அந்த அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு; கேப் டவுனிலும் அதைக் கண்டோம். ஆனால் மீட்டர் இல்லாத இன்றைய ஏற்பாட்டில் லிட்டருக்கு மிக அதிக விலை கொடுப்பவர்கள் கேன் தண்ணீரும் குடம் தண்ணீரும் வாங்கும் ஏழைகளே. எனவே அளவிடலைக் குடிசையிலிருந்து தொடங்கக் கூடாது. அடுக்ககங்கள், விடுதிகள், மருத்துவமனைகள், நிறுவனங்கள் ஆகியவற்றின் ஆழ்துளைக் கிணறுகளில் தொடங்கலாம். வீடுகளுக்கு வரும்போது வாழ்வதற்கு வேண்டிய அளவைக் கட்டணமின்றி விட்டு, அதற்கு மேலுள்ளதை மட்டும் அளக்கலாம்.

லட்சக்கணக்கான கிணறுகளை யார் போய் எண்ணுவது என்பது கடைசி மறுப்பு. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எண்ண வேண்டியதில்லை. 2003-ல் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போய் மழைநீர்த் தொட்டி இருக்கிறதா என்று பார்த்தது இதே நிர்வாகம்தான். தனியார் லாரிகள் தண்ணீர் நிரப்பும் இடங்கள் இரகசியமானவை அல்ல. விடியுமுன் வரிசை நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். 1987 சட்டம் அந்த வண்டிகளுக்கு உரிமம் கேட்கிறது. உரிமத்தோடு, நிரப்பும் குழாயில் ஒரு மீட்டரையும், அந்த ஊராட்சியின் கண்காணிப்புக் கிணறு ஒன்றையும் சேர்த்தால், எந்த ஊரிலிருந்து தினமும் எவ்வளவு சென்னைக்கு வருகிறது, அந்த ஊரின் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்ற இரண்டு எண்களும் கிடைத்துவிடும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று அச்சிடும் அதே பத்தியில் அந்த ஊர்களின் பெயர்களையும் அச்சிட இடம் இருக்கிறது.